பேர் தெரிந்த தலைவன்

நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் துரையை அறியாத வீடு உண்டோ? கட்டினதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோதும் வேலையை விட்டு ஓடாமல், 1895-ல் முல்லைப் பெரியாறு அணையை முடித்தார். 2013-ல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் திறந்தாயிற்று. நல்ல தலைவர், சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் காட்டில் மலேரியாவிலும் மற்ற நோய்களிலும் மடிந்த நூற்றுக்கணக்கான கூலியாட்களின் பேர் நம்மில் யாருக்குத் தெரியும்? ஒருவர் பேர் நிற்க, மற்றவர் பேர் அழிந்துபோவது நியாயமா? நெகேமியா 3-ம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் அலங்கத்தில் யார் எந்தப் பங்கைக் கட்டினான் என்று அதிகாரம் முழுக்கப் பேர்களே. வாசிக்க அலுப்பாய்த்தான் இருக்கும்! கட்டினவன் பிள்ளைக்கு அலுக்குமா? சல்லூமோடு கட்டின அவன் குமாரத்திகள்கூட விடுபடவில்லை.

கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற சகோதரிகளிடம் நானும் வேலை வாங்குகிறவன். "ஏம்மா நாலாம் நம்பர், இங்கே வா" என்று கூப்பிட்டாலும் வேலை நடக்கும், கணக்கும் சரியாய் வரும். அதற்குத் தலைவன் எதற்கு? விசில் போதும். "இன்னைக்கு வேலை அருமை" என்று முதலாளி என்னைப் பாராட்டினால், செய்தது இன்னார் என்று பேரைச் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி சாமர்த்தியம் அவர் கண்ணில் கொஞ்சம் குறையும்தான். குறையட்டுமே.