பந்தயத்தில் பின்தங்கியவனின் கவலை

வியாபாரத்தில் நஷ்டமடைந்தவரைக் கண்டால் ஆறுதல் கூறுகிறோம். தேர்வில் தவறிய பிள்ளையைத் தேற்றுகிறோம். ஆனால் பொழுதுபோக்காகச் செய்த ஒன்றில் பின்தங்கி ஒருவர் வருந்தினால், “இதற்கெல்லாமா கவலை?” என்று சிரித்து விடுகிறோம். அந்த வருத்தம் ஈமானுக்கு இழுக்கா? அதை மார்க்கம் எவ்வாறு நோக்குகிறது?

நமது மஹல்லா இளைஞர் ஒருவர் இஷாத் தொழுகைக்குப் பின் தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று கேட்டார். நாள் முழுதும் உட்கார்ந்து வேலை செய்பவர். சர்க்கரை நோய் நெருங்குகிறது என்று மருத்துவர் எச்சரித்த பிறகு ஓடத் தொடங்கியவர். ஜனவரியில் சென்னையில் நடந்த அரை மாரத்தானில், 21 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தை 2 மணி நேரத்திற்குள் கடப்பது அவருடைய இலக்கு. அதற்காக ஆறு மாதம் பயிற்சி செய்தார். ஆனால் ஓடி முடித்தபோது 2 மணி 4 நிமிடம் ஆகியிருந்தது.

“ஹஜ்ரத், காலை 5 மணிக்கு ஓட்டம் தொடங்கி விட்டது. வழியில் சுபுஹு தொழ நின்றதில் ஆறு நிமிடம் போயிற்று. நிற்காமல் ஓடியிருந்தால் ஜெயித்திருப்பேனே என்று ஒரு வாரமாக மனம் சொல்லிக் கொண்டிருக்கிறது. தோற்றதுகூடப் பெரிதில்லை. தொழுததற்காக வருந்துகிறேனோ என்றுதான் பயமாயிருக்கிறது” என்றார்.

சிரித்து ஒதுக்கக் கூடிய கேள்வியா இது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். ஓடுவதும் போட்டியிடுவதும் மார்க்கத்திற்கு அந்நியமானவை அல்ல. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்து கொண்டார்கள். பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அன்னையார் முந்தினார்கள். பின்னொரு காலத்தில் மீண்டும் ஓடியபோது நாயகம் முந்தினார்கள். அதற்கு இது ஈடாயிற்று என்ற கருத்தில் புன்னகையோடு கூறினார்கள். வெற்றி தோல்வியை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அந்தப் புன்னகையே நமக்குப் பாடமாகும்.

நாயகத்தின் அள்பா என்னும் ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தமது இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திச் சென்றார். தோழர்களுக்கு அது மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. உலகில் உயரும் எப்பொருளையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் வழக்கம் என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த இந்தச் செய்தி புகாரியில் உள்ளது. ஸஹாபாக்களே ஓர் ஒட்டகத்திற்காக வருந்தினார்கள்! அந்த வருத்தத்தை நாயகம் பாவமென்று கண்டிக்கவில்லை. அதற்கு ஒரு விளக்கம் தந்து, அது நிற்க வேண்டிய எல்லையில் நிறுத்தினார்கள்.

ஆகவே, உழைத்தது கைகூடாதபோது மனம் வாடுவது மனித இயல்பு. அதில் குற்றமில்லை. குற்றத்தின் வாசல் வேறிடத்தில் இருக்கிறது.

பலமுள்ள முஃமினைப் பற்றிப் பேசும் பிரபலமான ஹதீஸில், பயன் தருவதை நாடி முயலுமாறும், அல்லாஹ்வின் உதவியைத் தேடுமாறும், ஏதேனும் தீங்கு நேர்ந்தால் “இப்படிச் செய்திருந்தால்” என்று பேச வேண்டாம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் போதிக்கிறார்கள். அந்தச் சொல் ஷைத்தானின் செயலுக்குக் கதவைத் திறந்து விடுமாம். இது முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

ஏன் அப்படி? சற்றுச் சிந்தியுங்கள். “நிற்காதிருந்தால் ஜெயித்திருப்பேன்” என்பவர் நடக்காத ஒன்றைத் தாம் அறிந்ததாகச் சொல்கிறார். அது மறைவான ஞானம். அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. நிற்காமல் ஓடியிருந்தால் பதினைந்தாவது கிலோ மீட்டரில் கால் பிடித்துக் கொண்டிருக்கலாம். தொழுகையில் கிடைத்த ஓய்வே அவரைக் கடைசிவரை கொண்டு சேர்த்திருக்கலாம். நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக வைத்து, நிறைவேற்றிய ஃபர்ளின் மீதே பழி போடச் செய்வதுதான் ஷைத்தானின் வேலை.

அந்த எண்ணம் வந்ததற்காக அவர் பாவியாகி விட்டாரா? இல்லை. உள்ளத்தில் ஊசலாடும் எண்ணங்களை, பேசாமலும் செயல்படுத்தாமலும் இருக்கும்வரை, அல்லாஹ் இந்த உம்மத்திற்கு மன்னித்திருக்கிறான் என்று ஹதீஸ் கூறுகிறது. அதைக் கண்டு அவர் அஞ்சியதே ஈமானின் அடையாளம். அவருக்குரிய சோதனை போன ஜனவரியோடு முடியவில்லை. அடுத்த பந்தயத்தில் அதே நேரம் வரும்போது நிற்பாரா என்பதில்தான் இருக்கிறது.

இங்கே இன்னொரு தவறையும் சுட்டிக்காட்ட வேண்டும். சிலர் “எல்லாம் கத்ரு” என்று கூறிப் பயிற்சியையே விட்டுவிடுவர். கத்ரு கடந்து போனதற்கு ஆறுதல், வரப்போவதற்குச் சோம்பலன்று. தவறியதற்காகத் துக்கித்துக் கிடக்காமலும், கிடைத்ததற்காகக் கர்வம் கொள்ளாமலும் இருக்கவே விதியைப் பற்றி அறிவித்திருப்பதாக அல்ஹதீத் அத்தியாயம் உணர்த்துகிறது.

மொராக்கோ நாட்டு ஹிஷாம் அல்கர்ரூஜ் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் இடறி விழுந்து கடைசியாக வந்தார். 2000-ல் இரண்டாமிடம் பெற்றார். 2004 ஏதென்ஸில் 1500, 5000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். ஆனால் பொறுத்தவர்க்கெல்லாம் பதக்கம் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. நமது இளைஞர் 2 மணிக்குள் என்றுமே ஓடாமல் போகலாம். பதக்கத்திற்குக் கொடுக்கும் விலையல்ல பொறுமை; அதன் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. உடல் அவன் தந்த அமானிதம் என்ற நிய்யத்தோடு ஓடியவருக்கு, அந்த நிய்யத்தின் கூலி கடிகாரத்தைப் பொறுத்ததன்று.

அவரிடம் நான் சொன்னது இதுதான்: “தம்பி, அடுத்த முறை இலக்கு வைக்கும்போதே தொழுகை நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஜனவரியில் சென்னையில் சுபுஹு 5-15 மணியளவில் நுழைந்து 6-30 மணியளவில் சூரிய உதயத்தோடு முடிகிறது. ஒளுவுடன் புறப்படுங்கள், ஓடுவதால் ஒளு முறியாது, வியர்வை அசுத்தமன்று. தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்கும் கால்சட்டை அணியுங்கள். தொழும் இடத்தை முன்பே பார்த்து வையுங்கள். அப்போது அந்த ஆறு நிமிடம் உங்கள் ஓட்டத்தில் சேர்ந்ததாகவே இருக்கும்.”

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஒருவர் சிறு தோல்வியால் வாடியிருந்தால் பரிகசிக்காதீர்கள். அவருடைய கவலைக்குள் பெரிய கேள்வி ஒன்று மறைந்திருக்கலாம்.

கிடைத்ததில் நன்றியையும், தவறியதில் பொறுமையையும், எந்த ஓட்டத்திலும் அவனுக்காக நிற்கும் உறுதியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.