கோணல் யாருக்கு?

எங்கள் கிழக்கிலங்கை ஊர்களில் காணி நேராக மிஞ்சுவது அபூர்வம். தாய் வளவைப் பெண்மக்களுக்குச் சீதனமாகப் பிரித்துப் பிரித்து, கடைக்குட்டிக்குக் கிடைப்பது ஏழெட்டுப் பேர்ச்சில் ஒருபக்கம் ஒடுங்கிய துண்டு. ஒரு பேர்ச் 272 சதுர அடிதான். அதற்கு வீட்டுப்படம் கீறித் தரச்சொல்லி என்னிடமும் வருவார்கள். கணிதம் படிப்பிக்கிறவனுக்கு மேசன் வேலையும் தெரியும் என்பது ஊர் நினைப்பு.

எல்லோரும் முதலில் கேட்பது, மண்டபம் சதுரமாக இருக்கவேண்டும் என்பதைத்தான். ஆகட்டும். ஆனால் கோணல் அதனால் அழிவதில்லை, பின்னால் நகர்கிறது. கடைசியில் குசினி முக்கோணமாகிறது. அடுப்புக்கும் சுவருக்கும் இடையில் ஒருவர் திரும்ப முடியாத மூலை. வீடு எழுதப்படுவது பெண்ணின் பெயரில். நாளில் பாதியை அவள் கழிக்கும் இடத்துக்குக் கோணல்; எப்போதாவது வரும் விருந்தாளிக்கு நேர்ச்சுவர். இதை வெறும் கட்டட நுட்பமென்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

கெய்ரோவில் 1125இல் கட்டப்பட்ட அல்அக்மர் பள்ளிவாசலுக்கும் இதே சிக்கல். தெரு ஒரு திசை, கிப்லா வேறு திசை. முகப்பைத் தெருவோடு நிறுத்தி, உள்ளே தொழுமிடத்தைக் கிப்லாவுக்குத் திருப்பினார்கள். இடையில் விழுந்த ஆப்பு வடிவத்தை முகப்புப் பக்கமே வாங்கிக்கொண்டது: ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் பருத்த சுவர்.

ஏழு பேர்ச்சில் அவ்வளவு தடித்த சுவருக்கு இடமில்லைதான். விறாந்தை சரிந்திருக்கலாமே! செருப்புக் கழற்றும் இடத்துக்கு மூலைமட்டம் எதற்கு? சொன்னால், “றோட்டால போறவன் என்ன நினைப்பான், சேர்?” என்கிறார்கள். குசினியில் நிற்கப்போகிறவளிடம் படத்தைக் காட்டியவர் எவரையும் நான் காணவில்லை. இப்போதெல்லாம் இரண்டு படம் கீறி, ஒன்றை உள்ளே கொடுத்தனுப்புகிறேன்.