சொல்லாத அன்பு குறையுடையதா?

அன்பு சொல்லப்பட்டால்தான் நிறைவெய்துமா, சொல்லாமலே நின்றாலும் நிறைவுடையதாகுமா என்னும் வினா மிகப் பழையது. இதனை வெறுங் கருத்தாக வைத்து வாதிடுவதைக் காட்டிலும், உண்மையில் வாழ்ந்த இருவர் வரலாற்றை முன்வைத்து எண்ணிப் பார்ப்பது நலம் எனக் கருதுகிறோம்.

இத்தாலி நாட்டுச் சிற்பியும் ஓவியருமாகிய மைக்கேலாஞ்சலோவின் (1475-1564) பெயரை அன்பர்கள் பலரும் அறிவர். ரோம் நகரில் சிஸ்டைன் ஆலயத்து விதானத்தில் அவர் தீட்டியவற்றை அச்சுப் படங்களிலேனும் கண்டிருப்பீர்கள். அவர் மணம் புரியாதவர். பெரும்புகழ் பெற்றும் தனித்தே வாழ்ந்தவர். அறுபது வயதைக் கடந்த பின்னரே விட்டோரியா கொலோன்னா என்னும் பெருமாட்டியின் நட்பு அவருக்கு வாய்த்தது.

அவ்வம்மையார் உயர்குடிப் பிறப்பினர், கவிபாட வல்லவர். சிறுவயதிலேயே பெரியோரால் உறுதி செய்யப்பட்ட மணம் அவருடையது. போர்க்களங்களிலேயே பெரும்பொழுதைக் கழித்த கணவர் 1525இல் மறைந்தார். அம்மையார் மறுமணத்தை நாடவில்லை. துறவு பூணாமலே பெண்துறவியர் மடங்களில் தங்கி வாழ்ந்தார். மறைந்த கணவரை எண்ணிப் பாடல்கள் பல இயற்றினார். ஆகவே, ஓவியர் தம் உள்ளத்தில் வைத்துப் போற்றிய பெண்மணியின் உள்ளத்தில் முன்னமே ஒருவர் இடம்பெற்றிருந்தார். இருவரும் தனியர்தாம்; ஆயினும் ஒருவர் தனிமை மற்றவர் தனிமை போன்றதன்று.

மைக்கேலாஞ்சலோ அம்மையாரை முன்னிறுத்திக் கவிதைகள் எழுதினார். அவருக்கென்றே ஓவியங்களும் வரைந்தார். அம்மையார் வேண்டிப் பெற்றது தம் வழிபாட்டுக்குரிய இயேசுவின் திருவுருவை. அம்மையாரோ தம் பாடல்கள் 103ஐத் தோல் ஏட்டில் எழுதுவித்து அவருக்கு அளித்தார். பின்னர் விட்டெர்போ என்னும் ஊரிலிருந்து மேலும் 40 பாடல்களைத் தாளில் எழுதி அனுப்பினார். அவற்றையும் முன்னைய ஏட்டோடு சேர்த்துக் கட்டுவித்தார் ஓவியர்.

விட்டெர்போவிலிருந்து அம்மையார் எழுதிய மடல் ஒன்று உண்டு. இவ்வாறு நாம் இடையறாது எழுதிக்கொண்டிருந்தால், நீர் காலையில் ஆலயத்து ஓவியப் பணிக்குச் செல்வது தவறும். நான் மடத்து வழிபாட்டுக்குச் செல்வது தவறும் என்பது அதன் கருத்து. இதனைக் கடிந்துரை என்பாரும் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எழுதாதிருக்க இயலாத ஒருவரே இன்னொருவருக்கு இப்படி எழுதக்கூடும்.

1547 பிப்ரவரியில் அம்மையார் ரோமில் உயிர் நீத்தார். அப்போது மைக்கேலாஞ்சலோவுக்கு எழுபத்திரண்டு நிறையச் சில நாள்களே இருந்தன. அவருடைய மாணவர் காண்டிவி, ஆசிரியர் வாழ்ந்திருந்த காலத்திலேயே, 1553இல் வெளியிட்ட வரலாற்றில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். அம்மையாரின் இறுதி வேளையில் காணச் சென்ற ஓவியர் அவர் கையை மட்டுமே முத்தமிட்டார். நெற்றியையோ முகத்தையோ முத்தமிடவில்லை. அதனை நினைந்து பிற்காலத்தில் அவர் பெரிதும் வருந்தினாராம்.

இங்கேதான் நமது வினா கடினமாகிறது. சொல்லாமையை அடக்கம் என்று போற்றுவது நம்மவர் வழக்கம். ஆனால் சொல்லாமை எல்லாம் அடக்கமாகிவிடுமா? அச்சத்தால் சொல்லாதிருப்பவர் உண்டு. மறுக்கப்படுவோமோ என்னும் தன்மானத்தால் சொல்லாதிருப்பவரும் உண்டு. வெளியே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். எதனால் வாய் மூடியது என்பதை அவரவரே அறிவர். சில வேளை அவரும் அறியார்.

மைக்கேலாஞ்சலோ எதற்கு வருந்தினார் என்பதை நோக்குங்கள். மணந்துகொள்ளவில்லையே என்றோ, உள்ளத்தைத் திறந்து சொல்லவில்லையே என்றோ அவர் புலம்பியதாகக் காண்டிவி எழுதவில்லை. இறக்கும் ஒருவரிடமிருந்து பெறுதற்கு எதுவுமில்லை. நெற்றியில் இடும் முத்தம் அந்நிலையில் கொடுப்பது ஒன்றே. பெறாததற்கு வருந்துவது ஆசை; கொடாது விட்டதற்கு வருந்துவதை அவ்வாறு சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இதனை எழுதத் தூண்டியது நம் சொந்த நினைவு ஒன்று. நாம் இளமையில் எழுதிய எதனையும் முதலில் படிக்கக் கேட்டவர் நம் பெரிய தமக்கையார். இளமையில் கைம்மை எய்தி, வந்தவாசி அருகே ஒரு சிற்றூரில் தனித்தே வாழ்ந்தார். அவர் கேட்பார் என்பதற்காகவே எழுதிய காலமும் உண்டு. அதனை அவரிடம் ஒருநாளும் கூறியதில்லை. இறுதி நாளில் கட்டிலருகே கைகூப்பி நின்றோம். பேருந்துக்கு நேரமாயிற்று என்று எவரோ நினைவூட்ட, விடைபெற்று வந்துவிட்டோம்.

அம்மையார் அளித்த ஏட்டை மைக்கேலாஞ்சலோ பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. கேட்டவர் பலருக்கும் இரவல் கொடுத்ததாக அவரே ஒரு மடலில் எழுதியிருக்கிறார். நம் தமக்கையார் பழைய தாள்களைக் கட்டி வைத்திருந்தார் என்று பின்னர் அறிந்தோம். அவற்றைப் பிரித்துப் பார்க்க இன்னும் துணிவு வரவில்லை.