விட்ட மீனின் கணக்கு

மீனைப் பிடித்துக் கொன்றால் பாவம், பிடித்துத் திரும்ப விட்டுவிட்டால் பாவமில்லை. இப்படி ஒரு சுலபமான கணக்கு நம்மில் பலரிடம் இருக்கிறது. தூண்டிலைத் தொட்டே பார்க்காதவர்களிடமும் இருக்கிறது. ரொம்பினுக்கு மீன் பிடிக்கப் போய்வந்தேன் என்று அலுவலகத்தில் சொன்னபோது, சைவம் சாப்பிடும் ஓர் அக்கா முகம் சுளித்தார். "பிடிச்ச லாயாரான் எல்லாத்தையும் விட்டுட்டோம்க்கா" என்றேன். முகம் தெளிந்துவிட்டது. "அப்ப பரவால்ல தம்பி" என்றார். அந்தப் 'பரவால்ல'வைத்தான் கொஞ்ச நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். யாருக்குப் பரவாயில்லை?

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். குவாலா ரொம்பின், பகாங்கின் தெற்குக் கடலோரத்தில், குவாந்தானுக்கும் மெர்சிங்குக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். எதிரே கடலில் தியோமான் தீவு. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் படகுகள் ஆற்றுக்குள் ஒதுங்கிவிடும். மார்ச்சில் காற்று அடங்கும். தெக்கோங்குகள் (படகோட்டியை இங்கே எல்லா இனத்தாரும் அப்படித்தான் அழைக்கிறோம்) சாயம் அடித்து, இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டி, முதல் வாடிக்கையாளருக்குக் காத்திருப்பார்கள். வசந்தம் என்று ஒன்று நமக்குக் கிடையாது. இருந்தால், கிழக்குக் கரைக்கு அது இந்த மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான். பொடி மீன் கூட்டங்கள் திரளும். அவற்றைத் துரத்திக்கொண்டு ஈக்கான் லாயாரான் வரும். முதுகில் பாய்மரம் விரித்த மீன். தமிழ்நாட்டில் மயில்மீன் என்கிறார்கள், அழகான பெயர். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் உச்சம் என்றாலும், பருவம் திறக்கும் மாதங்களில் ஒரு பரபரப்பு இருக்கும்.

நாங்கள் நான்கு பேர் போனோம். வாடகை படகுக்கு, ஆளுக்கு அல்ல. காலையில் முதல் வேலை இரை பிடிப்பது. 'அப்போலோ' என்று சொல்லும் பல முள் கட்டிய நரம்பை இறக்கினால் செலாரும் கெம்போங்கும் கொத்தாக ஏறும். அதை உயிரோடு தொட்டியில் வைத்துக்கொண்டு, பறவைகள் எங்கே கூட்டமாகக் கடலில் விழுகின்றன என்று தேடிப் போக வேண்டும். என் முறை வந்தபோது மீன் மூன்று தடவை தண்ணீருக்கு மேலே எழும்பியது. நான் கத்தினேன். கையும் முதுகும் எரிய, இருபது நிமிடத்துக்கு மேல் இழுத்தேன். அந்த நேரத்தில் கடன், வேலை, அப்பாவின் சர்க்கரை நோய் எதுவும் ஞாபகத்தில் இல்லை. அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. அது இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அதிகம் கவனித்தேன். படகில் உதவிக்கு இருந்த பையன், பதினெட்டு பத்தொன்பது வயதிருக்கும், கையுறை போட்டுக் குனிந்து மீனின் நீண்ட அலகைப் பிடித்தான். வெயிலில் நீலமாக மின்னிய உடம்பு இப்போது மங்கிப் பழுப்பாக இருந்தது. முள்ளை எடுத்தான். தெக்கோங் இயந்திரத்தை மெதுவாக முன்னால் விட்டார். பையன் மீனைப் படகோரமாகத் தண்ணீருக்குள்ளேயே பிடித்தபடி வந்தான், செவுளுக்குள் தண்ணீர் ஓடவேண்டும் என்பதற்காக. மூச்சு வாங்குகிற நோயாளியை நடக்கவைப்பது மாதிரி. நாங்கள் நான்கு பேரும் கைப்பேசியோடு நின்றோம். இரண்டு நிமிடம் கழித்து வால் ஒரு வெட்டு வெட்டியது. போய்விட்டது.

அன்று மொத்தம் ஆறு. "மச்சான், ஆறும் உயிரோட போச்சு. யாருக்கு என்னா நஷ்டம்?" என்றான் ஏற்பாடு செய்த நண்பன்.

இதற்கு வழக்கமான பதில், மீனுக்கு வலிக்குமே என்பது. வலிக்குமா என்பதே அறிவியலில் இன்னும் சண்டை. 2003இல் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் லின் ஸ்னெடனும் அவருடைய சகாக்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் ஊசியால் ஏற்றினார்கள். மீன்கள் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டின. அமிலம் ஏற்றிய மீன்கள் உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. இரை தின்னத் திரும்புவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டன. வலி உணர்வதற்கு வேண்டிய பெருமூளைப் புறணி மீனுக்கு இல்லை, அது வெறும் அனிச்சைச் செயல் என்று ஜேம்ஸ் ரோஸ், பிரையன் கீ போன்றவர்கள் மறுத்தார்கள். இந்தச் சண்டைக்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் படகில் இருந்த யாரும் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. மீனைத் தண்ணீரில் நடக்கவைத்து மூச்சு வரவழைத்தோம் அல்லவா? அது அவதிப்படுகிறது என்று ஒப்புக்கொண்டவர்கள் செய்கிற காரியம் அது. கைக்கு ஒரு நம்பிக்கை, வாய்க்கு ஒரு நம்பிக்கை வைத்துக்கொள்ள முடியாது.

நம்மிடம் இதற்கு நல்ல கருவி ஒன்று இருக்கிறது. வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார், அது 33. அதற்கு முந்தைய 32, இன்னாசெய்யாமை. புலால் மறுத்தல் தனியாக 26. பள்ளியில் இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி 'அகிம்சை' என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஆனால் அவர் மூன்றையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார். துன்பம் தராமல் இருப்பது வேறு, உயிரை எடுக்காமல் இருப்பது வேறு, உண்ணாமல் இருப்பது வேறு. இவை துறவறவியலில் வருகின்றன, வீட்டுக்கடன் கட்டுகிறவனுக்கு இல்லை என்று தப்பித்துக்கொள்ளலாம். தப்பித்தாலும் பிரிவினை பிரிவினைதான். பிடித்துத் திரும்ப விடுகிறவன் 26இலும் 33இலும் முழு மதிப்பெண் வாங்கி, 32இல் தோற்கிறான். மீனைக் கொன்று குழம்பு வைப்பவன் மூன்றிலும் தோற்கிறான், ஆனால் அவனுக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது: பசி. விட்டுவிடுகிறவனுக்கு 32இல் சொல்வதற்கு என்ன காரணம்? துன்பம் அங்கே வேறொன்றை அடைவதற்கான வழியில் வந்த செலவு இல்லை. நாங்கள் காசு கொடுத்து வாங்கியதே அந்தப் போராட்டத்தைத்தான். மீன் திமிறாமல் சும்மா வந்திருந்தால் ஏமாந்துபோயிருப்போம்.

'விளையாட்டு' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லும் சரியில்லை. பூப்பந்தோ செபாக் தக்ராவோ, வலையின் இரண்டு பக்கமும் இருப்பவர்களுக்கு விளையாடுகிறோம் என்று தெரியும். இங்கே ஒரு பக்கத்துக்கு விளையாட்டு, மறு பக்கத்துக்கு உயிர். இதில் இன்னொரு விநோதம். விளையாட்டு மீன்பிடிப்புக்கு மரியாதையான விதிகள் உண்டு. 1939இல் தொடங்கிய அனைத்துலக விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம் நரம்பின் வலிமைவாரியாகச் சாதனைகளைப் பதிவு செய்கிறது. மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பது பெருமை. மீனுக்குச் 'சம வாய்ப்பு' தருகிறோமாம். ஆனால் நரம்பு மெலிந்தால் போராட்டம் நீளும். மீன் அதிகமாகக் களைக்கும், விட்ட பிறகு பிழைக்கும் வாய்ப்பும் குறையும். மனிதனுடைய கௌரவத்துக்காகப் போட்ட விதி மீனின் முதுகில் ஏறிக்கொள்கிறது. ஹெமிங்வே அந்தச் சங்கத்தின் துணைத்தலைவராக இருந்தவர். 1952இல் வெளிவந்த 'கிழவனும் கடலும்' நாவலை எழுதியபோது, படகு வைத்துக்கொண்டு பொழுதுபோக்காக மார்லின் பிடிக்கும் தன்னைப் போன்ற ஒருவரை அவர் எழுதவில்லை. மீன் கிடைக்காவிட்டால் பட்டினி கிடக்கிற கிழவனை எழுதினார். அந்தத் தேர்வைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பேன்.

என் தாத்தா தோட்டத்துக் கால்வாயில் மூங்கில் தூண்டில் போட்டு விரால் பிடிப்பார். பெரிய தத்துவமெல்லாம் கிடையாது. இரண்டு விரால் கிடைத்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "சட்டி ரொம்பிருச்சுல்ல" என்பார். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. தேவைக்குப் பிடிக்கிறவனுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு, அது சட்டியின் அளவு. திரும்ப விடுகிறவனுக்கு அந்த வரம்பு இல்லை. விடுவதால்தான் இல்லை. ஆறு பிடிக்கலாம், பதினாறும் பிடிக்கலாம், மனசாட்சி ஒவ்வொரு தடவையும் கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருக்கும்.

இது வெறும் மனத்தத்துவம் இல்லை என்பதற்கு அமெரிக்காவின் கிழக்குக் கரையைப் பார்க்கலாம். அங்கே வசந்தம் வந்தால் வாடகைப் படகுகள் கோடு போட்ட பாஸ் மீனைத் தேடிக் கிளம்பும். பிடிபடுவதில் பெரும்பகுதியைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். விட்ட மீன்களில் 9 விழுக்காடு செத்துப்போகும் என்று அந்த மீன்வளத்தை நிர்வகிப்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். சின்ன எண் மாதிரி தெரிகிறது. ஆனால் விடப்படுகிற மீன்கள் கோடிக்கணக்கில் என்பதால், சில ஆண்டுகளில் பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போன மீன்களைவிட, விட்ட பிறகு செத்த மீன்கள் அதிகம். அதனால்தான் 2021 முதல் இரை வைத்து அந்த மீனைப் பிடிப்பவர்கள் வட்டமுள்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. வட்டமுள் தொண்டைக்குள் இறங்காமல் பெரும்பாலும் வாய் ஓரத்தில் மாட்டும். ரொம்பினில் நாங்கள் பயன்படுத்தியதும் வட்டமுள்தான். நல்ல முள். ஆனால் முள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எத்தனை தடவை அதை வீசுவது என்பதை அது சொல்லாது.

அப்படியானால் தடை செய்துவிடலாமா? சுவிட்சர்லாந்து அதைத்தான் செய்தது. விடுவதற்கென்றே மீன் பிடிப்பது அங்கே சட்டப்படி குற்றம். ஜெர்மனியிலும் தகுந்த காரணமில்லாமல் முதுகெலும்புள்ள உயிரைத் துன்புறுத்தக் கூடாது என்ற சட்டத்தை வைத்து ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பிடித்தால் சாப்பிடு, சாப்பிட மாட்டாயென்றால் பிடிக்காதே. கேட்பதற்கு என் தாத்தா பேசுவது மாதிரியே இருக்கிறது. ஆனாலும் ரொம்பினில் இதை அப்படியே கொண்டுவந்து வைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் தெக்கோங் முன்பு வலை போட்டவர். வலையில் லாயாரான் சிக்கினால் சந்தைக்குப் போகும், ஒரு தடவை காசு, கதை முடிந்தது. இப்போது அதே மீன் உயிரோடு கடலில் இருந்தால்தான் அவருக்கு வாடகை. யாராவது அளவுக்கு மேலே கொன்றால் சண்டைக்குப் போகும் முதல் ஆள் அவர்தான். விடுகிற பழக்கம் லாயாரான் இனத்துக்கு ஒரு காவல்காரரைக் கொடுத்திருக்கிறது. இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

சிக்கல் என்னவென்றால், முள் இனத்தின் வாயில் மாட்டுவதில்லை, ஒரு மீனின் வாயில் மாட்டுகிறது. 'லாயாரானுக்கு நல்லது' என்கிறபோது இந்தச் சொல்லுக்குள் இரண்டு ஆள் ஒளிந்திருக்கிறார்கள். இனம் பிழைக்கிறது. அன்று காலை நெத்திலியைத் துரத்திக்கொண்டிருந்த அந்த ஒன்று, தனக்குத் தெரியாத ஏதோ நன்மைக்காக இருபது நிமிடம் இழுபட்டது. இனத்துக்குச் செய்த நன்மையைக் காட்டி இந்த ஒன்றிடம் பட்ட கடனைத் தீர்த்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்காக நன்மை பொய் என்றும் சொல்ல மாட்டேன். இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஒன்றில் வரவு இருப்பதால் மற்றதில் பற்று அழியாது.

திரும்பும் வழியில் தெக்கோங்கிடம் மலாயில் கேட்டேன்: பாக்சிக், சாப்பிடாத மீனைப் பிடிக்கிறதைப் பற்றி என்ன நினைக்கிறீங்க? அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மீன் என்பது ரெசெக்கி, ஆண்டவன் அளந்து கொடுப்பது, அதை வைத்து விளையாடினால் என் அப்பா அடித்திருப்பார் என்றார். பிறகு, அப்பா காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் பல்கலைக்கழகம் போகவில்லை, இப்போது மகள் போகிறாள் என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். நடுவில் 'ஆனால்' என்ற சொல்லைப் போடவில்லை.

எனக்கு ரொம்பினுக்குப் போகாமல் இருக்கப் பிடிக்காது. அதனால் என்னால் செய்ய முடிகிற ஒன்றை யோசித்தேன். தாத்தாவின் சட்டியைப் படகில் ஏற்றுவது. ஆளுக்கு ஒரு லாயாரான், அதுவும் தடித்த நரம்பில், சீக்கிரம் முடிகிற மாதிரி. படம் எடுப்பதற்காகத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்குவதில்லை. முள்ளை எடுத்து மூச்சு வரவழைக்கும் வேலையை அந்தப் பையனிடம் கற்றுக்கொண்டு, பிடித்தவனே செய்வது. அந்த ஒன்றுக்கும் 32ஆம் அதிகாரத்தில் பதில் இல்லை என்று தெரியும். ஆறுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் உண்டு என்பதும் தெரியும்.

செப்டம்பருக்காகத் தெக்கோங்குக்குச் செய்தி அனுப்பி இதைக் கேட்டேன். வாடகை அதேதான், குறையாது என்று உடனே பதில் வந்தது. காலை பத்து மணிக்கே நாலு பேருக்கும் கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "தெங்கிரி பிடிக்கலாம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, அம்மாவுக்குப் பிடிக்கும்" என்று எழுதியிருந்தார். நண்பனிடம் சொன்னேன். "அவ்ளோ காசு கட்டிட்டு ஒன்னோட நிறுத்தணுமா? என்னால முடியாதுடா" என்றான். மற்ற இரண்டு பேரும் சரி என்றிருக்கிறார்கள். நாலாவது ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.