பார்ப்பதும் பிடிப்பதும்



ஊரப்பாக்கத்தில் இரயிலேறினால் பரங்கிமலை தூரமில்லை. அர்ச். தோமையார் மலைக்கு யாத்திரை போகும் நம் குடும்பங்களில் இன்று ஆளுக்கொரு செல்பேசி உண்டு. புண்ணிய ஸ்தலத்தில் படம் பிடிப்பது தகுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் குற்றம் கருவியில் இருக்கிறதா, பிடிக்கிறவன் மனதில் இருக்கிறதா என்று முதலில் ஆராய்வோம்.

காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் 1856-ம் ஆண்டு சென்னை இராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவரங்கம், மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்குச் சென்றார். மெழுகேற்றிய காகிதத்தில் அவர் படம் பிடித்தார். ஒரு படம் பதிய வெகு நேரம் செல்லும். அதுவரை கருவி அசையலாகாது. நடமாடினவர்கள் படத்தில் மறைந்து போவார்கள். அசையாமல் நின்றதே பதியும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டை 1858-ல் அவர் 21 படங்களாகப் பிடித்து ஒன்றாக இணைத்தார். அதன் நீளம் ஏறக்குறைய 19 அடி! எழுத்தெழுத்தாய்ப் பார்க்கும் பொறுமை இல்லாதவனுக்கு இது கைகூடுமா?

அவருடைய கருவி அவரை நிற்க வைத்தது. நம்முடைய கருவியோ, "பிடித்தாயிற்று, நட" என்று நம்மை விரட்டுகிறது. பரங்கிமலைக் கோயிலின் பீடத்தில், 1547-ல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை இருக்கிறது. அதைச் சுற்றிப் பழைய பகலவி எழுத்துக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதைப் படம் பிடித்தவர்கள் அநேகர். அந்த எழுத்துக்களைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்?

தாபோர் மலையில் ஆண்டவருடைய மகிமையைக் கண்ட இராயப்பர், அங்கேயே மூன்று கூடாரம் போட ஆசைப்பட்டார். நல்லதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆசை மனித சுபாவம். ஆண்டவரோ அவர்களை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். அடிவாரத்தில் நோயுற்ற பிள்ளையோடு ஒரு தகப்பன் காத்திருந்தான். மேலே கண்டது கீழே இருப்பவனுக்கு உதவவேண்டும் என்பதல்லவா இதன் பாடம்?

ஆகையால், படம் பிடிப்பது பாவமல்ல. யாருக்காகப் பிடிக்கிறோம் என்பதே கேள்வி. "நானும் போனேன்" என்று காட்டுவதற்காகப் பிடித்த படம் நம்மோடு நின்றுவிடும். முழங்கால் வலியால் படியேற முடியாமல் வீட்டில் இருக்கும் பாட்டிக்காகப் பிடித்த படமோ தர்மமாகும்.

அடுத்த முறை மலையேறும்போது முதலில் முழந்தாளிடுங்கள். பிறகு நிதானமாகப் பாருங்கள். அதன்பின் ஒரு படம் எடுங்கள். வீடு திரும்பியதும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் காட்டுங்கள். "அங்கே என்ன பார்த்தாய்?" என்று அவர் கேட்பார். அதற்குச் செல்பேசி பதில் சொல்லாது, நீங்கள்தான் சொல்லவேண்டும்.