காண்டல், கருதல், டிரைவர் சொன்னது

அறிவதற்கான அளவைகள் ஆறு என்பாரும் பத்து என்பாரும் உண்டு. எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார் 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரில். மணிமேகலையில் வரும் அறவண அடிகள் இன்னும் சிக்கனக்காரர். காண்டல், கருதல் இரண்டே போதும், மற்றவை கருதலுக்குள் வந்துவிடும் என்பது அவர் எடுத்துரைக்கும் பௌத்த முடிவு. உரை, அதாவது நம்பத்தக்கவர் சொல், தனி அளவையா, இல்லையா? ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்பில் இந்தக் கேள்வி வந்தபோது என் நினைவு நேராகப் பட்டறைக்குத்தான் போயிற்று. கோவையில் பழைய கார்களுக்கு பிரேக் வேலை பார்க்கிறவன் நான்.

"பிரேக் போட்டா வண்டி வலப்பக்கம் இழுக்குதுங்க" என்று முன்சக்கரங்களில் டிஸ்க் உள்ள ஒரு கான்டெஸாவைக் கொண்டுவருவார்கள். வலப்பக்கக் காலிப்பரைக் கழற்றிப் பார்க்கவும் சொல்வார்கள். கண்டது மெய், கருதியது பொய். பெரும்பாலும் வலப்பக்கம் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருக்கும். இடப்பக்கக் காலிப்பரில் பிஸ்டன் துருவேறி நகராமல் நிற்கும். உழைக்கிற சக்கரத்தின் மேல் பழி விழுகிறது. தர்க்க நூலார் இதை ஏதுப்போலி என்பார்கள். (கூட்டுக் குடும்பங்களிலும் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.)

நல்ல கருதலும் உண்டு. ஒரு பழைய கார், கொஞ்ச தூரம் ஓடியதும் பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே நிற்கிறது என்று வந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கினால் முன்சக்கரம் இரண்டும் சுற்றவில்லை. காலிப்பரின் பிளீடிங் நிப்பிளைத் தளர்த்தினேன். ஆயில் பீறிட்டது, சக்கரம் விடுபட்டது. ஆகவே பிஸ்டன் இறுகவில்லை. அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. உள்ளே ஊதிப்போன ஹோஸும் இதைச் செய்யும். மறுபடி மிதித்துப் பிடிக்கவைத்து, இந்த முறை மாஸ்டர் சிலிண்டர் அருகில் பைப்பைத் தளர்த்தினேன். அப்போதும் விடுபட்டது. ஹோஸ் நிரபராதி. இது இருந்தால் அது உண்டு, இது நீங்கினால் அது இல்லை என்று தர்க்க நூல்கள் சொல்லும் முறை வேறொன்றுமில்லை. மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தேன். ரப்பர் ஊதி, ஆயில் திரும்பும் சின்னத் துளையை மூடியிருந்தது.

ஏன் ஊதியது? இங்கே காண்டலும் கருதலும் நின்றுவிட்டன. மட்டமான ரப்பராக இருக்கலாம். யாரோ தப்பான ஆயில் ஊற்றியிருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவில் இருந்ததோ புத்தம்புது டாட் 4 பிரேக் ஆயில். தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், சுத்தமாகக் கலந்தது. மினரல் ஆயில் என்றால் மிதந்திருக்கும். தடயம் ஏற்கெனவே வடிக்கப்பட்டுவிட்டது.

டிரைவரைக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: மலைப்பாதையில் ஆயில் குறைந்துவிட்டது, ஒருவர் கையிலிருந்த பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றினார், ஊருக்கு வந்ததும் வடித்துவிட்டோம். அந்த ஒரு வாக்கியத்தால் வேலையே மாறிற்று. மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் மட்டும் போதாது. காலிப்பர் சீல், ஹோஸ், பின்சக்கர சிலிண்டர் ரப்பர், அந்த எண்ணெய் தொட்ட எல்லா ரப்பரும் போயாக வேண்டும்.

பௌத்தர் விடமாட்டார்: டிரைவருக்குப் பொய் சொல்லக் காரணமில்லை என்று கருதித்தானே நம்பினாய்? சரி. ஆனால் நம்பலாமா என்பதைத்தான் கருதல் சொல்லிற்று. நடந்தது என்ன என்பதை அவர் வாய்தான் சொல்லிற்று. எத்தனை நாள் யோசித்திருந்தாலும் அந்த மலைப்பாதை எனக்குக் கிடைத்திருக்காது. உரை தனி அளவைதான். நான் சித்தியார் பக்கம்.

ஆனால் டிரைவர் கண்டதைச் சொன்னார். யாரும் கண்ணால் காணாத பதியை, அதாவது இறைவனைப் பற்றி ஆகமம் சொல்வதையும் இதே தராசில் வைக்கலாமா என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். சொன்னவன் எல்லாம் அறிந்த சிவன் என்பது மரபின் விடை. அந்த விடையையே ஆகமத்தைக் கொண்டுதானே ஏற்கிறோம் என்றார் அவர். என் தொழிலில் இதற்குப் பதில் கிடையாது. வகுப்பிலும் அன்று கிடைக்கவில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: என்ன ஆயில், எப்போது, யார் ஊற்றியது என்று எழுதி வண்டியிலேயே வையுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.