கொள்வோர் கடன்

இல்வாழ்வான் ஒருவன் தன் பொருளைக் கொடுத்து அரிசியும் பருப்பும் வாங்குவதில் அறநெறியாளர் ஆராய்தற்கு யாது உளது எனச் சிலர் நினைப்பர். ஈதலைப் பற்றிப் பேசிய நூல்கள் பல. கொள்ளுதலைப் பற்றிப் பேசியன சிலவே. ஆயினும் ஊர் அடங்கி, வண்டிகள் நின்று, கடைத்தெரு நாளில் சிலமணி நேரமே திறந்திருக்கும் காலத்துக் கொள்ளுதலும் ஈதலைப்போலவே ஒருவனது உள்ளத்தை அளக்கும் கோலாய் விடுகின்றது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டிலும், அன்று நள்ளிரவு முதல் இந்திய நாடு முழுவதிலும் கொரோனாத் தொற்றின் பொருட்டு ஊரடங்கு விதிக்கப்பட்டபொழுது இவ்வுண்மை வீடுதோறும் வெளிப்பட்டது. அக்காலத்து எழுந்த வினாக்கள் இரண்டு. நோய் வினைப்பயனாக வருவதாயின் அதற்கு அஞ்சிக் காத்துக்கொள்ளுதல் எற்றுக்கு என்பது ஒன்று. தன் குடும்பத்திற்கென எவ்வளவு வாங்கிச் சேர்த்து வைத்தல் தகும் என்பது மற்றொன்று.

முன்னையது முதற்கண் ஆராயத்தக்கது. வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படுத்துக் கூறுதல் சித்தாந்த மரபு. தொகுதியாய்க் கிடப்பது சஞ்சிதம். அதனின்றும் இப்பிறப்பின் நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம். அந்நுகர்ச்சியினூடே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். “வருவது வந்தே தீரும், முகக்கவசம் எதற்கு?” என்று கூறித் திறந்த முகத்தோடு கடைக்குச் சென்றார், முதல் இரண்டனையும் நினைந்து மூன்றாவதனை மறந்தவராவர். தமக்கு நோய் வருதல் பிராரத்தமாகவே இருக்க. தம் மூச்சின் வழியே அந்நோயைப் பருப்பு நிறுத்துக் கொடுப்பவனுக்குக் கொடுத்தல் யாது? அது பண்டு செய்த வினையின் பயனன்று. இன்று, இக்கடை வாயிலில், அறிந்து செய்யும் செயல்.

அற்றேல், கடைக்காரனுக்கு வருவதும் அவனது பிராரத்தமேயன்றோ எனின், அற்றன்று. ஒருவன் துன்புறுதல் அவன் வினையால் என்பது மெய்யேயாயினும், அத்துன்பத்திற்குத் தானே விரும்பிக் கருவியாய் நின்றவன் தன் செயலின் பொறுப்பினின்றும் நீங்கான். நீங்குவனெனக் கொள்ளின் கொலையும் களவும் குற்றமல்லவாய் முடியும். பிறர் வினையைத் தன் குற்றத்திற்குப் போர்வையாக்குதல் வினைக்கொள்கையை அறிந்தமையன்று, அதனைப் பழித்தமையேயாம். அன்றியும் இத்தொற்றின் இயல்பு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. காய்ச்சலும் இருமலும் தோன்றுமுன்னரே ஒருவனிடமிருந்து மற்றொருவனுக்கு இது பரவ வல்லது. ஆகவே, “எனக்கு நோயில்லை” என்னும் துணிவு எவர்க்கும் உரித்தாகாத நிலை அது. தான் நோயுடையனாயிருத்தலும் கூடும் எனக் கருதி ஒழுகுதலே அறமாயிற்று.

காத்தலிலும் அறிவு வேண்டப்படும். தொடக்கத்தில் மக்களது அச்சம் பெரிதும் பண்டங்களின் மேலதாயிருந்தது. நெகிழிப் பரப்பின்மேல் அக்கிருமி 72 மணிநேரம் வரையும், அட்டைப்பெட்டியின்மேல் 24 மணிநேரம் வரையும் அழியாதிருத்தல் கூடும் என 2020 மார்ச்சில் வெளிவந்த ஆய்வொன்று கூறியது. அது கேட்டோர் பால் உறைகளைச் சோப்பு நீரில் முக்கினர். செய்தித்தாளை வெயிலில் இட்டனர். சிலர் நாணயங்களையும் கழுவினர். அந்நிலையில் அவை பழிக்கத்தக்கன அல்ல. ஆயின் வெளுப்பு நீர்மத்தால் காய்கனிகளைக் கழுவினோரும் இருந்தனர். 2020 மே மாதத்தில் அமெரிக்க நாட்டில் 502 பேரிடம் உசாவியபொழுது ஐவரில் ஒருவர் அளவினர் உணவுப்பொருள்மேல் அந்நஞ்சினைப் பயன்படுத்தியதாகக் கூறினர். நோய்க்கு அஞ்சி நஞ்சை உண்ட கதை அது. கத்தரிக்காய்க்கும் கீரைக்கும் ஓடும் நீரே சாலும். 2021 ஏப்ரலில் அதே நாட்டு நோய்த்தடுப்பு நிறுவனம், தொற்றுடைய பரப்பைத் தொட்டதனால் நோயுறும் வாய்ப்புப் பதினாயிரத்தில் ஒன்றினும் குறைவு எனப் பொதுவாகக் கணித்துரைத்தது. பெரிதும் காற்றின் வழியே, அடைபட்ட இடத்திலும் நெருக்கத்திலும் பரவுவதே இந்நோயின் போக்கு எனத் தெளிவாயிற்று. எனவே அஞ்சத்தக்கது பையிலிருந்த வெங்காயம் அன்று; வெங்காயம் வாங்க நின்ற கூட்டமே.

இதற்குச் சான்று நெடுந்தொலைவிற் சென்று தேட வேண்டுவதில்லை. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை நான்கு நாள்கள் முழு ஊரடங்கு என 24-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. இடையில் நின்றது 25-ஆம் நாள் ஒன்றே. அன்று காலை அந்நகரங்களின் கடைத்தெருக்களில் திரண்ட கூட்டம் திருவிழாக் கூட்டத்தை ஒத்திருந்தது. கடை நேரம் பிற்பகல் 3 மணி வரை நீட்டிக்கப்பட வேண்டியதாயிற்று. நான்கு நாள் உணவுக்கென நான்கு மாதத்து நோயை விலைக்கு வாங்கிய நாள் அதுவென்றால் மிகையாகாது. பின்னர்க் கோயம்பேட்டு அங்காடியினின்றும் தொற்று விழுப்புரம், கடலூர், அரியலூர் முதலிய மாவட்டங்கள் வரை சென்றது. மே 5-ஆம் நாள் அவ்வங்காடி மூடப்பட்டது. காய்கறி வாணிகம் 10-ஆம் நாள் திருமழிசைக்கு மாறியது. இதில் குற்றம் முழுதும் மக்கள்மேலதன்று. ஒருநாள் இடையிட்டு நான்கு நாள் கதவடைப்பு என்று கூறினால் எவரும் ஓடுவரே. ஆயின் வீட்டில் ஒரு வாரத்துக்கு அரிசி இருந்தும், கீரைக்கும் பிஸ்கோத்துக்குமாக ஓடியவர் அக்கூட்டத்தில் இல்லையென்று எவரும் துணிந்து கூறார்.

இனி இரண்டாவது வினா. சிக்கனம் என்பதும் பதுக்கல் என்பதும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றும். இருவர் வீட்டிலும் பானைகள் நிறைந்திருக்கும். வேறுபாடு யாதெனின், சிக்கனம் தன் நுகர்ச்சியைச் சுருக்குவது. பதுக்கல் பிறர் நுகர்ச்சியைச் சுருக்குவது. ஒரு தெருவில் 100 குடும்பங்கள் உளவென்றும், கடையில் அந்நூற்றுக்கும் ஒரு திங்களுக்குப் போதிய பருப்பு உளதென்றும் கொள்க. முதல்நாள் வந்த 25 குடும்பத்தார் அச்சத்தால் மும்மடங்கு வாங்கிச் செல்வராயின் 75 பங்கு போயிற்று. எஞ்சிய 75 குடும்பங்கட்கு இருப்பது 25 பங்கே. முதலில் வந்தவர் யார்? கையில் பணமும் ஏறிச்செல்ல வண்டியும் உடையவர். பின்னர் வந்தவர் யார்? அன்றன்று கூலி பெற்று அன்றன்று வாங்குபவர். ஊரடங்கில் கூலியும் நின்றது; நின்ற கூலியோடு பருப்பின் விலையும் ஏறினால் அவர் செய்வது யாது? வாங்கியவர் எவரையும் ஏமாற்றவில்லை, விலை கொடுத்தே வாங்கினார் என்பது உண்மை. விலை கொடுத்தமையாலேயே ஒரு செயல் அறமாய்விடாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. முகக்கவசமும் சானிடைசர் என வழங்கும் கைதூய்மை நீர்மமும் இவ்வாறே மறைந்தமையால் 2020 மார்ச்சு 13-ஆம் நாள் நடுவணரசு அவற்றை இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. பின்னர் 200 மில்லி லிட்டர் நீர்மத்திற்கு 100 ரூபாய் என விலைவரம்பும் கட்டியது. உள்ளம் அளவு கட்டாதபொழுது சட்டம் அளவு கட்டும்.

எனின், அளவு யாது? ஒருவர்க்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி எனக் கொண்டால் நால்வருள்ள வீட்டிற்கு ஒரு திங்களுக்கு 36 கிலோ. இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவர் மூன்று மூட்டை வாங்கார். முன்னுள்ளது செலவாகிப் பின்னுள்ளது வந்து சேரும் இடைவெளிக்கு வேண்டுவதும், அதன்மேல் ஒரு வாரத்திற்குரியதும் இருப்பின் அமையும். மிகுதியாக வாங்கிய துவரம் பருப்பிலும் இரவையிலும் வண்டு விழும். விழுந்தபின் அது குப்பைக்குச் செல்லும். பிறனுக்கும் பயன்படாது தனக்கும் பயன்படாது போன அப்பொருளுக்கு உடையவன் என்னும் பெயர் மட்டுமே எஞ்சும். நம் பாட்டிமார் சிக்கனம் வேறுவகையது. வெயிற்காலத்தில் இட்ட வடகமும் வற்றலும் மழைக்காலத்திற்கு. வடித்த கஞ்சி வீணாவதில்லை. வாழைக்காய் உண்டவர் அதன் தோலையும் துவட்டுவர். கொல்லை முருங்கை இருக்கும்வரை கீரைக்குக் கடைக்குப் போவதில்லை. அவ்வூரடங்கில் பல வீடுகள் இம்முறையை மீண்டும் கற்றன. வாரத்துக்கு ஒருவர், ஒருமுறை, எழுதிய பட்டியலோடு சென்று மீள்வது என்னும் வழக்கமும் அப்பொழுது வந்தது. அதனால் பணமும் மிஞ்சியது, நெருக்கமும் குறைந்தது.

திருவீழிமிழலையில் அப்பரடிகளும் ஆளுடைய பிள்ளையாரும் எழுந்தருளியிருந்த காலத்துப் பஞ்சம் வந்த வரலாறு பெரியபுராணத்தால் அறியப்படும். அடியார்கள் பசியாற வேண்டி இறைவன் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் நாடோறும் ஒவ்வொரு பொற்காசு வைத்தருளினான். இதனைப் படிக்குந்தோறும் எண்ணத்தக்கன இரண்டு. நெற்குவியலைத் தருதல் இறைவனுக்கு அரிதன்று. ஆயினும் காசே தந்தான். அக்காசு கடைத்தெருவிற்கே சென்றது. பிள்ளையார் காசுக்கு வணிகர் வாசி கேட்டனர்; அதனால் அம்மடத்தில் அமுது காலந்தாழ்ந்தது. வணிகரை எவரும் வைதிலர். பிள்ளையார் வாசி நீங்கப் பாடினாரேயன்றிக் கடையை விலக்க வேண்டினாரல்லர். அருளும் அங்காடி வழியே வந்தது. இரண்டாவது, காசு நாட்காசு. பஞ்சம் எத்துணை நாள் நீடிக்கும் என அறியாத நிலையிலும் அன்றைய காசு அன்றைய அடியார்க்கே செலவாயிற்று. இதனை இல்லறத்தார் அவ்வாறே பின்பற்றல் இயலாது. மகவும் முதியோரும் உள்ள வீட்டில் நாளைக்கு வைத்தல் கடமையே. ஆயின் வைத்ததனுள்ளும் அண்டை வீட்டின் பசிக்கு ஒரு படி உண்டு என்னும் நினைவோடு வைத்தல் வேறு, கதவைத் தாழிட்டு வைத்தல் வேறு.

கதவைத் தாழிடுதல் உள்ளத்திலும் நிகழ்ந்தது. விலகி நிற்றல் நோய்க்கு மருந்து. விலக்கி வைத்தல் நோயினும் கொடிது. இரண்டடி தள்ளி நின்று காய்கறிக்காரியிடம் அன்பாகப் பேசியவரும் உண்டு. தெருவைத் தூய்மை செய்பவரைக் கண்டு முகஞ்சுளித்தவரும் உண்டு. 2020 ஏப்ரலில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரது உடலைச் சென்னையில் அடக்கஞ்செய்ய விடாது சிலர் கல்லெறிந்து தடுத்தனர். அவர்கள் காத்துக்கொண்டது எதனை?

அந்நாள்களில் அரசு அரிசி அட்டையுடையார்க்கு 1000 ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் பங்கீட்டுக் கடைவழி விலையின்றி அளித்தது. நெருக்கம் தவிர்க்க நாளும் நேரமும் குறித்து டோக்கன் கொடுத்தது. பங்கீட்டில் அடங்காத மிளகாயும் புளியும் சோப்பும் தந்தவர் தெருமுனை மளிகைக்காரர். பெரிய அங்காடிகள் பணங்கொடுத்தார்க்கே பொருள் தர, கூலியிழந்தவர்க்குக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்த சிறுகடைகள் பல. அக்கணக்கைத் தீர்த்தவர்கள் பெரும்பாலும் கூலிக்காரரே. பத்தும் இருபதுமாக மாதக்கணக்கில் தீர்த்தனர். ஊரடங்கு தளர்ந்தவுடன் அக்கடையை மறந்து பெரிய அங்காடிக்கு மீண்டவர், முதல்நாள் அவர் கடையில் மும்மடங்கு வாங்கிச் சென்றவரே.